உன் அம்மா கடைசியாகச் சொன்னது

மகனே,

நீ அனுப்பிய மின்னஞ்சல் வந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. சிட்லபாக்கம் மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டரில் அதை அச்செடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். ஏரிக்கரையில் நடக்கும்போது எடுத்துப் படிக்கிறேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் படிக்கிறேன். போனில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ ஞாபகப்படுத்தினாய். இரண்டு முறையும் "எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி, இங்கே மழை எப்படி, அங்கே குளிர் எப்படி என்று பேச்சை ஒப்பேற்றிவிட்டேன்.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். என் பேத்தி மேகனின் பள்ளிக்கூடத்தில், தாத்தா பாட்டி வீட்டில் பேசும் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இங்கிலீஷுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த வெல்ஷ் மொழியிலேயே எல்லாப் பாடமும் நடக்கும் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு டீச்சர் இருப்பது எனக்கு ஆச்சரியமில்லை. சொந்த மொழிக்காக அடிபட்டவர்களுக்குத்தான் அடுத்தவன் மொழியைக் கேட்கத் தோன்றும். நீ எழுதியிருந்தாய்: "ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாக என்னிடம் சொன்னார்களே, நல்லபடியாகப் போய்விட்டு வா என்று, அதை அவர்கள் சொன்ன மாதிரியே சௌராஷ்டிரத்தில் எழுதி அனுப்புங்கள் அப்பா. உச்சரிப்புக்குத் தமிழ் எழுத்து போதும். மேகனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்."

ஒரு வரியில் முடிகிற வேலை. அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வாயா, மாட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. செய்யாவிட்டால் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் சௌராஷ்டிர சங்கத்து ஆண்டு மலருக்கு 'மொழிக்காகப் பாடுபட்ட அனுபவங்கள்' என்று ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நாலு தடவை உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான் பெரிய வீரன் மாதிரி எழுத்து வந்து நின்றது. கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தின் பிரதியைத்தான் கொடுக்கப் போகிறேன். உனக்கு முதலில் வரும், அவர்களுக்குப் பத்து நாள் கழித்து. போடாதே என்று நீ சொன்னால் போடவில்லை. நம் ஜனங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு இது ஏதோ ஒரு விதத்தில் சொந்தக் கதைதான். மலரும் தமிழில்தான் வருகிறது. நம் எழுத்தில் அச்சடித்தால் அச்சுக் கோத்தவரும் நானும்தான் படிக்க வேண்டியிருக்கும்.

நீ அனுப்பிய புகைப்படமும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் சட்டசபைக் கட்டிடத்துக்கு முன்னால், மழையில், தொப்பிக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஓர் அட்டையோடு நிற்கிறாய். பக்கத்தில் மருமகள் கெரிஸ், அவள் தோளில் மேகன். வெல்ஷ் மொழிக்குப் புதுச் சட்டம் வேண்டும், அரசாங்கம் காசும் ஆளும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுப் போயிருந்தீர்கள். கீழே நீ எழுதியிருந்தாய்: "நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்கிறேன், அப்பா." ஏரிக்கரையில் என்னோடு நடக்கும் பாங்கு ரிடையர்டு நண்பரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "அட்டையில என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளை கையில் பிடித்திருக்கும் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே வயிறு எரிந்தது. மனைவியின் மொழியை முப்பது வயதில், செவ்வாய்க்கிழமை சாயந்திர வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டவன், சொந்த அம்மாவின் மொழியில் ஒரு வரிக்கு எனக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று. அப்புறம்தான் உறைத்தது, அந்த வயிற்றெரிச்சலுக்கு நான் யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

உனக்கு மூன்றரை வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்கேஜி இண்டர்வியூ. உன்னை என்ன பெயர் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நீ சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னாய். அப்புறம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கும் அதிலேயே நீளமாக ஏதோ கதை சொன்னாய். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கேலியாகக்கூட இல்லை, அன்பாகத்தான். "வீட்ல ஏதாவது ஒரு பாஷை பேசுங்க சார், குழந்தை குழம்பிடும்" என்றார். எனக்கு முகம் சிறுத்துப் போய்விட்டது. தொலைபேசி இலாகாவில் நான் அப்போதுதான் மேலே ஏற ஆரம்பித்திருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அம்மாவிடம் சொன்னேன், இனிமேல் பையனிடம் தமிழும் இங்கிலீஷும்தான், நம் பேச்சு நமக்குள் இருக்கட்டும் என்று. அவள் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். தெருவே நம் மொழி பேசுகிற தெரு. தமிழைக் கடைக்காரரிடமும் பள்ளிக்கூடத்திலும் பேசியிருக்கிறாளே தவிர, கொஞ்சுவதற்கு அவளுக்கு வேறு மொழி தெரியாது. நீ அவள் மடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் ஒன்று மட்டும் கேட்டாள். "தூங்க வைக்கும்போது?"

"அப்பவும்தான்" என்றேன்.

அன்றிலிருந்து அவள் உன்னிடம் தமிழில்தான் பேசினாள். நான் சொன்னதைத் தட்டாதவள். தமிழில் பேசும்போது அவள் குரல் கொஞ்சம் மரியாதையாக மாறிவிடும், கவனித்திருக்கிறாயா? விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. நீ அதைத்தான் அம்மாவின் குரல் என்று நினைத்து வளர்ந்தாய்.

இப்போது வேடிக்கையைக் கேள். உன்னிடம் மொழியை நிறுத்திய ஏழெட்டு வருஷத்தில் நான் மொழிக் காவலனாகிவிட்டேன். சங்கத்தில் யாரோ ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டு எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. பல நூறு வருஷத்துக்கு முன்னால் வடக்கிலிருந்து நடந்து வந்தோம், மதுரையிலும் சேலத்திலும் பரமக்குடியிலும் குடியேறினோம், வந்த வழியெல்லாம் சொற்களைப் பொறுக்கிக்கொண்டு ஒரு மொழியைக் காப்பாற்றி வந்தோம், இப்போது நம் காலத்தில் அழிய விடுவதா என்று. அரசாங்கத்திடம் நாங்கள் கேட்டது ஒன்றும் பெரிதில்லை. ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பாடப்புத்தகம், அதைச் சொல்லிக் கொடுக்க வாத்தியார், வானொலியில் வாரம் கால் மணி நேரம். அதற்கு மனு எழுதி, தாம்பரம் சானடோரியத்தில் மின்சார ரயில் ஏறி, எத்தனை சனிக்கிழமை, எத்தனை அரை நாள் லீவு! மனுக்களையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். நல்ல நடை என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் நான் டீ குடிக்கும் கடைக்காரர் ஒருநாள் என் பையில் இருந்த மனுக்கட்டைப் பார்த்து விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "நாங்க வூட்ல தெலுங்குதான் பேசிகினு கீறோம் சார். எங்க தாத்தா காலத்திலேர்ந்து. எந்த ஆபீசுக்கும் போனதில்ல. நீங்க வூட்ல பேசறீங்க இல்ல?" என்று கேட்டார். பேசுகிறோம் என்றேன். பொய் சொன்ன மாதிரி இல்லை. நானும் உன் அம்மாவும் பேசிக்கொண்டுதானே இருந்தோம். என்ன பேசினோம்? பால் வந்ததா, கேஸ் சொன்னாயா, கரண்ட் பில் எங்கே. நான் சனிக்கிழமை கோட்டைப் பக்கம் போய்விடுவேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நம் மொழியில் அவளோடு சேர்ந்து சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அவள் எவ்வளவு தனியாக இருந்தாள் என்று எனக்கு ஒரு நாளாவது தெரிந்திருக்க வேண்டும். அன்றும் நான் கோட்டைவிட்டேன். நீ அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். சண்முகம் ரோட்டு மார்க்கெட்டில் காய் வாங்கப் போனவள் இரண்டு மணி நேரம் ஆகியும் திரும்பி வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் சிவந்து, சின்னப் பெண் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். வெங்காயக் கடையில் இரண்டு பெண்கள் நம் மொழியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறாள். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர்கள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, ரயில்வே கேட் தாண்டிப் பிடித்து, அவர்களோடு பேசிக்கொண்டே இரும்புலியூர் வரை நடந்து போய், அவர்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறாள். அக்கா தங்கை இரண்டு பேரும் சேலத்துக்காரர்களாம். இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே போக, நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? மனுவில் அவர்களிடம் கையெழுத்து வாங்கினாயா என்று. அவள் காயைப் பிரித்து வைக்கப் போய்விட்டாள். மறு ஞாயிறே நான் இரும்புலியூருக்குப் போய் அந்த வீட்டில் ஐந்து கையெழுத்து வாங்கிவந்தேன். அதற்கப்புறம் அந்தப் பெண்கள் உன் அம்மாவைப் பார்த்தால், உங்கள் வீட்டுக்காரர் வந்தார் என்று சங்கத்து விஷயம் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். அவள் போவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு மாதிரிப் பிரதி ஒன்று தயார் செய்தோம். அதற்குச் சொற்கள் கேட்டு உன் அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தேன். நோட்டு முழுக்க எழுதிக் கொடுத்தாள். இட்லித் தட்டு, மூக்கு ஒழுகுவது, எறும்பு கடித்தது, இன்னும் கொஞ்சம் போடு, போதும். சங்கத்துக் கமிட்டியில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். முதலில் சுளித்தவன் நான். அரசாங்கத்துக்குக் காட்டுகிற புத்தகத்தில் அடுப்படிப் பேச்சா? சமஸ்கிருதத்திலிருந்து கனமான சொற்களாகப் பார்த்துப் போட்டோம். ஞானம், தேசம், தர்மம். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது உன் அம்மா கேட்டாள், "குழந்தைக்குப் பசிச்சா எதைச் சொல்லும்?" அந்த மாதிரிப் புத்தகம் இன்னும் பரணில் இருக்கிறது. நோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. இந்த இருபத்து மூன்று நாளில் அதைத்தான் அதிகம் தேடினேன்.

இரண்டாயிரத்து ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உனக்கே ஞாபகம் இருக்கும். நீ இன்ஜினியரிங் கடைசி வருஷம். நம் ஆட்கள் எத்தனை பேர் என்று அரசாங்கம் எண்ணப்போகிறது, தாய்மொழி என்ற இடத்தில் கூச்சப்படாமல் சௌராஷ்டிரம் என்று சொல்லுங்கள் என்று துண்டுக் காகிதம் அடித்துக்கொண்டு, தாம்பரம் முழுக்க வீடு வீடாகப் போனேன். ஒருநாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், கணக்கெடுக்கிற டீச்சர் வந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள் உன் அம்மா. எனக்கும் அவளுக்கும் சரியாகச் சொல்லியிருக்கிறாள். உன் முறை வந்தபோது நீ உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "எனக்குத் தமிழ்னு போட்டுக்குங்க மிஸ்" என்று சொல்லியிருக்கிறாய்.

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு அந்த டீச்சர் வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான். மாற்றிப் போடுங்கள் என்று கேட்டேன். பையனுக்கு விவரம் தெரியாது என்றேன். அவர் பொறுமையான மனுஷி. உள்ளே போய் அரசாங்கம் கொடுத்த குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து, விரலை வைத்துத் தேடிக் காட்டினார். "சின்ன வயசுல அம்மா அந்தப் பிள்ளைகிட்ட எந்த பாஷையில பேசினாங்களோ, அதுதான் தாய்மொழின்னு போட்டிருக்காங்க சார். நீங்க சொல்லுங்க, அம்மா பையன்கிட்ட எதுல பேசினாங்க? அதையே போட்டுடறேன்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பதினொரு நாள் உன்னோடு பேசவில்லை. ஒரு வரிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னவன் நீ. எனக்குத்தான் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதை நீ கோபம் என்று நினைத்துக்கொண்டாய், நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் நீ வேல்ஸுக்கு, அந்தக் கார்டிஃபுக்குக் கிளம்பிவிட்டாய்.

கெரிஸும் நீயும் மேகனைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை வந்த மூன்று வாரம்தான் இந்த வீடு வீடாக இருந்தது. நான் ஹாலில் உட்கார்ந்து ஏதோ ஒரு மனுவை ஆங்கிலத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். சமையல்கட்டில் கெரிஸ் குழந்தையிடம் வெல்ஷில் ஏதோ சொல்ல, குழந்தை சிரித்தது. அடுத்து உன் அம்மா ஏதோ சொல்ல, அதற்கும் சிரித்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உன் அம்மா சௌராஷ்டிரத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம். நான் வந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, ஹாலிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டி என் மொழியில் பேசுவதை நான் ஒளிந்திருந்து கேட்க வேண்டியிருந்தது.

இனி அந்த ஆஸ்பத்திரி.

பக்கவாதம் வந்து குரோம்பேட்டையில் சேர்த்த மூன்றாம் நாள் நீ வந்துவிட்டாய். அவளுக்கு வலது கை வரவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் தமிழ் திரும்பவில்லை. சிலருக்கு முதலில் கற்ற மொழிதான் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னார். நாம் தமிழில் பேசினால் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பதில் மட்டும் சௌராஷ்டிரத்தில் வந்தது. அவள் சொல்வதை உனக்கு நான்தான் தமிழாக்கிச் சொன்னேன். தண்ணீர் கேட்கிறாள், தலையணையை ஏற்றச் சொல்கிறாள், மேகனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்கிறாள். அவள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்ததையெல்லாம் உன்னிடம் நேராகப் பேசினாள், நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நீ என் முகத்தைப் பார்க்கும்படி ஆக்கியவன் நான்.

நீ கிளம்ப வேண்டிய நாள். லீவு முடிந்துவிட்டது, வேலையும் புதிது. ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பையை வாசலில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குனிந்து, "போயிட்டு வரேம்மா" என்றாய். அவள் இடது கையால் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னப்பா சொல்றாங்க?" என்று கேட்டாய்.

"நல்லபடியா போயிட்டு வான்னு சொல்றா" என்றேன்.

அவள் அதைச் சொல்லவில்லை, கண்ணா. "போகாதே. இன்னும் நாலு நாள் என்கிட்ட இரு." இதைத்தான் சொன்னாள்.

சொன்னால் நீ போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடும், டிக்கெட் வீணாகும், அவள்தான் தேறிவிட்டாளே என்று அந்த நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். உன் நன்மைக்கு என்றுதான் நினைத்தேன். எல்கேஜி அன்று பஸ்ஸிலும் அப்படித்தான் நினைத்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எது போகலாம், எது போகக்கூடாது என்று முடிவு செய்வது எனக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அவளுக்குத் தமிழ் புரியும். நான் உன்னிடம் சொன்னது அவளுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மார்க்கெட்டிலிருந்து வந்த அன்று காயைப் பிரிக்கப் போனாளே, அந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, உன் கையை விட்டுவிட்டாள். மறுபடி சொல்லவில்லை. நீயும், அம்மாவே சொல்லிவிட்டாள் என்ற தைரியத்தில் கிளம்பினாய். நாலாம் நாள் அவள் போய்விட்டாள். அந்த நாலு நாளும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ திரும்ப ஓடிவந்து ஐஸ் பெட்டி முன்னால் நின்று, "நல்லபடியா போயிட்டு வான்னு சொன்னாங்களேப்பா" என்று அழுதாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உனக்கு அது ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருஷமாக மூடிக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்தப் பொய்யை என் பேத்திக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்கிறாய். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லைதான்; பழக்கதோஷம், இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அட்டை பிடித்துக்கொண்டு போ. மழையில் நில். அரசாங்கத்திடம் கேட்டால்தான் கிடைக்கும். கேட்டது தப்பென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எங்கள் மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது, நானும் போன மாதம்கூடப் போய் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கெரிஸ் குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் போய் உட்கார். அவள் மார்க்கெட்டில் யாரையாவது பார்த்துப் பேசிவிட்டு வந்தேன் என்றால், என்ன பேசினாய் என்று கேள். இன்னொன்று. உன் தாய்மொழி தமிழ். அந்த டீச்சர் சரியாகத்தான் எழுதிக்கொண்டு போனார். உன் அம்மா எவ்வளவோ விழுங்கிக்கொண்டு உனக்குக் கொடுத்த மொழி அது. அதை நீ மேகனிடம் பேசுவதில்லை என்று போனிலேயே தெரிகிறது. பேசு. பசிக்குது, போதும், எறும்பு கடிச்சுது, இதெல்லாம் போதும் ஆரம்பிக்க.

எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறேனே, அதுவும் சரியான மொழிபெயர்ப்பு இல்லை. சங்கக் கூட்டத்தில் இப்போது எல்லாரும் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம். போன வாரம் கணக்குப் பார்த்தேன், நான் சௌராஷ்டிரத்தில் வாய் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலையில் உன் அம்மா படத்துக்கு முன்னால் நின்று, பால் வந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அந்த வாக்கியத்தை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீ உன் இஷ்டத்துக்கு உச்சரிப்பாய், உன் அம்மாவின் இழுப்பு அதில் வராது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை பத்து மணிக்குப் போன் செய். என்னிடம் நீ பேச வேண்டாம். போனை நேராக மேகன் கையில் கொடுத்துவிடு. உன் அம்மா சொன்ன மாதிரியே சொல்லிக் கொடுக்கிறேன்: போகாதே, இன்னும் நாலு நாள் என்கிட்ட இரு. குழந்தை தப்பாகச் சொன்னால் திருத்துகிறேன், நூறு தடவையானாலும் பரவாயில்லை. நன்றாக வந்த பிறகு அவள் அதை உன்னிடம் வந்து சொல்லட்டும். அப்போது என்ன சொல்கிறாள் என்று நீ யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

உங்கள் பத்து மணிக்கு நான் போன் பக்கத்தில் இருப்பேன்.

அப்பா